ஆச்சிக்கு என்ன தொழில்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்காக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

ரெண்டு வாரமா எபிசோட் வரல. சிலர் மெசேஜ் பண்ணி விசாரிச்சீங்க, நன்றி. ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஆச்சி தவறி ஒரு வருஷம் ஆச்சு. முதலாம் ஆண்டு நினைவு. அதுக்குப் போயிட்டு வந்ததுல இருந்தே இதைப் பேசணும்னு தோணிட்டே இருந்துச்சு. அதனால இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நானும் மைக்கும்தான்.

ஆச்சின்னா அம்மாவோட அம்மா. திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சின்னுதான் கூப்பிடுவோம். முக்கூடல் பக்கத்துல, தாமிரபரணிக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். ஆரம்பத்துலேயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த எபிசோட் முழுக்க ஆச்சியை 'அவ', 'சொன்னா', 'போனா'ன்னுதான் பேசப் போறேன். எங்க வீட்டுல ஆச்சியை வா, போன்னுதான் கூப்பிடுவோம். மரியாதைக்குறைவா எடுத்துக்காதீங்க. அவளோட பேரைச் சொல்லப் போறதில்ல, அம்மா வேண்டாம்னுட்டாங்க.

ஃப்ளெக்ஸ் கடை

போன வருஷம் ஆச்சி தவறின அன்னைக்குக் காலையில நான் சென்னையில இருந்தேன். பஸ்ல போயிட்டு இருக்கும்போதே மாமா போன் பண்ணாங்க. "ஃப்ளெக்ஸ் அடிக்கணும். நீதான் பேச்சு எழுத்துன்னு இருக்கியே, ரெண்டு வரி எழுதி கடைக்காரருக்கு அனுப்பிடு" அப்படின்னாங்க.

எழுத உட்கார்ந்தேன். மதுரை தாண்டுற வரைக்கும் ஒரு வரி வரல.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பாவம், எத்தனை பேரைப் பார்த்திருப்பாரு. அவரே வாட்ஸ்அப்ல ஒரு மாதிரி அனுப்பினாரு. மேல 'கண்ணீர் அஞ்சலி'. கீழ 'அன்பு மனைவியாக, பாசமிகு தாயாக, ஆசை ஆச்சியாக வாழ்ந்து இறைவனடி சேர்ந்த'. அதுக்குக் கீழ பேரு. பேரு மட்டும் மாத்தினாப் போதும், போட்டோ அனுப்புங்க, தோற்றம் மறைவு தேதி அனுப்புங்கன்னாரு.

தோற்றம் தேதியிலேயே முதல் சிக்கல். ஆதார்ல 01.01.1951. உங்க வீட்டுப் பெரியவங்க ஆதாரை எடுத்துப் பாருங்க, பாதிப் பேரு ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பொறந்திருப்பாங்க. ஆச்சி எப்போ பொறந்தான்னு ஆச்சிக்கே தெரியாது. பொங்கலுக்கு முன்னாடியாம், அவ்வளவுதான். சரின்னு அதையே போட்டோம். அந்த மாதிரி வரிக்கும் ஓகே சொல்லிட்டேன். அன்பு மனைவி, பாசமிகு தாய், ஆசை ஆச்சி. பொய்யில்ல. ஆனா அதை அனுப்பினப்போ, பரீட்சையில கைடு பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு.

அடுத்து இறப்பைப் பதிவு செய்யுற படிவம். நீங்க இதைப் பார்த்திருக்கீங்களான்னு தெரியல. பார்க்காம இருந்தா நல்லதுதான். பேரு, வயசு, முகவரி எல்லாம் இருக்கும். கூடவே ஒரு கேள்வி, இறந்தவரின் தொழில். பக்கத்துலேயே ஒரு குறிப்பு, தொழில் எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதவும். மாமா பேனாவை எடுத்து 'இல்லை'ன்னு எழுதினாங்க. யோசிக்கக்கூட இல்ல. நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் ஒண்ணும் தோணல.

அதே படிவத்துல கொஞ்சம் கீழே இன்னும் சில கேள்விகள். இறந்தவருக்குப் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, எத்தனை வருஷமாக? புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா? எல்லாத்துக்கும் மாமா 'இல்லை', 'இல்லை'ன்னு எழுதிட்டே வந்தாங்க. அங்கதான் எனக்கு எங்கயோ தட்டுச்சு. ஏன்னா எங்க ஆச்சி வாழ்க்கையில ஒரு பீடிகூடக் குடிச்சதில்ல. ஆனா அம்பது வருஷம் பீடி சுத்தினா.

சொளவு

உங்கள்ல பல பேரு பீடி சுத்துறதைப் பார்த்திருக்க மாட்டீங்க. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மதியம் ஒரு தெருவுல நடந்து போனீங்கன்னா, திண்ணையில அஞ்சாறு பொம்பளைங்க மடியில சொளவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. சொளவுன்னா முறம். வாய் பேசிட்டே இருக்கும். கை தனியா ஓடும்.

வேலை முந்தின நாளே ஆரம்பிச்சிடும். பீடிக்கடையில போய் இலை, தூள், நூல் வாங்கிட்டு வரணும். அந்த இலை நம்ம ஊர்ல விளையுறது இல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகள்ல இருந்து வருது. காய்ஞ்சு மொடமொடன்னு இருக்கும். அதைத் தண்ணியில நனைச்சு, ஈரத் துணியில சுத்தி வெச்சாத்தான் உடையாம வெட்ட முடியும். ஒரு சின்ன தகரத் துண்டு இருக்கும், அதான் அளவு. அதை இலை மேல வெச்சு கத்தரிக்கோலால வெட்டணும். ஒவ்வொரு இலையா. அப்புறம் நுனி விரல்ல தூளை எடுத்து வெச்சு, உருட்டி, நூல் சுத்தி, வாயை மடிச்சு விடணும். 25 சேர்ந்தா ஒரு கட்டு. கட்டையெல்லாம் அடுக்கி சாயங்காலம் கடைக்குக் கொண்டு போகணும். அங்க ஒருத்தர் பார்த்துட்டு, சரியில்லாததையெல்லாம் கழிச்சுப் போடுவாரு. கழிச்சதுக்குக் கூலி கிடையாது. இலை மோசமா இருந்து பத்தாமப் போச்சுன்னா, கைக்காசு போட்டு வாங்கித்தான் கணக்கை முடிக்கணும்.

கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. நான் சின்னப் பிள்ளையா லீவுக்குப் போன காலத்துல, ஆயிரம் பீடிக்கு நூறு ரூபாய்கூட வராது. ஆயிரம் சுத்தணும்னா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உட்காரணும். ஆச்சி சராசரியா எழுநூறு சுத்துவா. நடுவுல சோறு பொங்கணும், தண்ணி எடுக்கணும், ஆட்டுக்குக் குழை போடணும், பிள்ளைங்களைப் பார்க்கணும்.

ஊர்ல இருந்து திரும்பி வர்ற பஸ்ல நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 700. வருஷத்துக்கு 280 நாள்னு வெச்சுக்கோங்க, காய்ச்சல், கோயில் கொடை, கல்யாணம் காட்சி எல்லாம் போக. வருஷத்துக்கு 1,96,000. அம்பது வருஷம். 98 லட்சம். கிட்டத்தட்ட ஒரு கோடி பீடி.

தொழில், இல்லை.

நான் மாமாவைக் குறை சொல்லல. ஆச்சிகிட்டயே கேட்டிருந்தா, "எனக்கென்ன தொழிலு, சும்மா வீட்டுல இருக்கேன்"னுதான் சொல்லியிருப்பா. அவளே பலதடவை அப்படித்தான் சொல்லியிருக்கா, சொளவை மடியில வெச்சுக்கிட்டே.

ரெண்டு இனிஷியல்

ஒரு விஷயம் சொல்லணும். பீடி சுத்துறவங்க வீட்டுல இருந்து வேலை செஞ்சாலும் சட்டப்படி அவங்க தொழிலாளிங்கதான். 1966ல பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு. 1976ல அவங்களுக்காக நல நிதி வந்துச்சு. அதுல இருந்துதான் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தாங்க. முக்கூடல்ல அவங்களுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கு. 1977ல இருந்து பிஎஃப் உண்டு. வீட்டுல இருந்து சுத்துறவங்களுக்கு எதுக்கு பிஎஃப்னு கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. வீட்டுல இருந்து சுத்தினாலும் அவங்க தொழிலாளிதான்னு 1985ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

எங்க பக்கம் பொண்ணு பார்க்க வந்தா, "பீடி சுத்தத் தெரியுமா?"ன்னு கேட்பாங்க. தெரியும்னா அந்தப் பொண்ணு கையில ஒரு வருமானம் இருக்குன்னு அர்த்தம். பிஎஃப் கார்டு இருந்தா இன்னும் விசேஷம். ஆச்சி பத்து வயசுல அவங்க அம்மா கணக்குலதான் சுத்த ஆரம்பிச்சா. அப்புறம் அவ பேருலேயே கடையில கணக்கு ஏறுச்சு. கல்யாணம் ஆகி வந்தது அடுத்த தெருவுக்குத்தான். அதனால அதே கடை, அதே கணக்கு.

இதுல ஒரு வேடிக்கை. கடைக் கணக்குல ஆச்சி பேருக்கு முன்னாடி இருந்தது அவங்க அப்பா இனிஷியல். பின்னாடி பிஎஃப் வந்தப்பவும் அதே பேருல போயிடுச்சு. ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, ஆதார் எல்லாத்துலயும் தாத்தா இனிஷியல். 2014ல கண்ணுல புரை விழுந்து, இனி சுத்த முடியாதுன்னு ஆனப்போ பிஎஃப் பணத்தை எடுக்கணும். அப்போ ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. அம்மா சென்னையில இருந்து நாலு தடவை போய் அலைஞ்சாங்க. ஆச்சிக்குக் கோபம். "நாந்தான் முன்னால நிக்கேன்லா, பொறவு என்ன சர்டிபிகேட்டு?"

அந்த வாக்கியத்தை அன்னைக்கு நாங்க ஜோக்கா சொல்லிச் சிரிச்சோம்.

தாத்தா

ஃப்ளெக்ஸ்ல முதல் வார்த்தை 'அன்பு மனைவி'. அதைப் பத்திப் பேசணும்.

எங்க தாத்தா வயக்காட்டு வேலைக்குப் போனவர். ஆத்துல தண்ணி இருந்தா வேலை, இல்லைன்னா இல்ல. அதிகம் பேச மாட்டாரு. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. அதையே ஊர்ல ஆச்சியோட பெரிய அதிர்ஷ்டமாப் பேசுவாங்க. ஆனா பீடி குடிப்பாரு. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. காசு கொடுத்து வாங்குறது பாதி, ஆச்சி சொளவுல இருந்து எடுக்கிறது பாதி. அவர் நாலு எடுத்தா கணக்குல நாலு குறையும். ஆச்சி ஒண்ணும் சொல்லாம இன்னும் நாலு சுத்தி வெச்சிடுவா.

அவருக்கு நெஞ்சுல கோளாறு வந்துச்சு. ரெண்டு வருஷம் படுக்கையில. எனக்கு அப்போ அஞ்சு, ஆறு வயசு இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த இருமல் சத்தம் மட்டும்தான். ஒரு அறை, ஒரு திண்ணை. அறைக்குள்ள தாத்தா இருமிட்டு இருப்பாரு. வாசல்ல ஆச்சி பீடி சுத்திட்டு இருப்பா. இருமல் கூடுனா எழுந்து போய் நெஞ்சைத் தடவி விட்டு, வெந்நீர் கொடுத்துட்டு, கையைக் கழுவிட்டு வந்து திரும்பவும் சொளவை எடுப்பா. மருந்துக்கு அந்தக் காசுதான். 2003ல தாத்தா போயிட்டாரு.

காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை, எல்லாம் தெரிஞ்ச மாதிரி, ஆச்சிகிட்ட கேட்டேன். "ஆச்சி, இது குடிச்சா ஆளு செத்துரும்னு தெரிஞ்சும் எப்படிச் சுத்துன?"

அவ என்னைப் பார்த்தா. கோபப்படல. "தெரியும்லா. தெரிஞ்சு என்ன செய்ய, அடுப்பு எரியணும்லாட்டி" அப்படின்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒங்க தாத்தாவ நான் ரெண்டு வருசம் பாத்தேன். அது போதும், நீ ஒண்ணும் கேக்காத"ன்னா.

நானும் அதுக்கப்புறம் கேட்கல. இன்னைக்கும் எனக்கு இதுக்குப் பதில் இல்ல. அவ சுத்தின ஒரு கோடி பீடியை யாரோ குடிச்சிருக்காங்க. அந்த வீடுகள்லயும் யாரோ ஒருத்தி நெஞ்சைத் தடவி விட்டிருப்பா. ஆச்சியைப் பத்திப் பெருமையாப் பேசும்போது இதை விட்டுட்டுப் பேசினா சரியா இருக்காது. அதனால சொல்றேன்.

அம்மா சொன்னது

பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்ச ராத்திரி. சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. நானும் அம்மாவும் திண்ணையில படுத்திருந்தோம். அம்மா ஆச்சி சாவுக்கு சத்தமா அழல. ஊர்ல அதை ரெண்டு பேரு கவனிச்சு பேசிக்கிட்டாங்க. நான் கேட்டேன், "ஏன்மா, உனக்கு ஆச்சி மேல என்ன?"

அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க.

அம்மா பத்தாம் வகுப்பு முடிச்சது 1987ல. வகுப்புல முதல் மார்க். பதினொண்ணு படிக்கணும்னா பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகணும். ஹெட்மாஸ்டர் டீச்சரே வீடு தேடி வந்தாங்களாம். "இந்தப் பிள்ளையை நிறுத்தாதீங்க, டீச்சரா வரும்"னு ஆச்சிகிட்ட கேட்டிருக்காங்க. ஆச்சி டீச்சருக்கு மோர் கொடுத்து, மரியாதையாப் பேசி அனுப்பிட்டு, மறுநாள் காலையில அம்மா மடியில ஒரு சொளவைத் தூக்கி வெச்சுட்டா.

அவ்வளவுதான். அம்மா ஆறு வருஷம் பீடி சுத்தினாங்க, 1993ல கல்யாணம் ஆகுற வரைக்கும். அந்த ஆறு வருஷத்துலதான் மாமா ஸ்கூல் முடிச்சு பாலிடெக்னிக் போனாங்க. ஃபீஸ் எங்க இருந்து போச்சுன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

நான் கேட்டேன், "நீ சண்டை போடலையா?"

"மூணு நாள் சாப்பிடாம இருந்தேன். நாலாவது நாள் எங்க அம்மாவும் சாப்பிடாம இருக்கான்னு தெரிஞ்சது. சாப்பிட்டுட்டேன்."

அப்புறம் 2014. ஆச்சி பிஎஃப் பணம் கைக்கு வந்துச்சு. முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். நடுவுல மாமா கல்யாணத்துக்கு ஒரு தடவை எடுத்தது போக மிச்சம். அம்பது வருஷத்துக்கு அதான். அப்போ நான் காலேஜ் சேர்ந்த வருஷம். அந்த ஃபீஸ் ஆச்சி கட்டினாள்னு எனக்குத் தெரியும். எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன். இந்த பாட்காஸ்ட்லகூட ஒரு எபிசோட்ல சொன்ன ஞாபகம்.

எனக்குத் தெரியாதது, அந்தப் பணத்தை ஆச்சி அம்மா கையில கொடுக்கும்போது என்ன சொன்னாள்ங்கிறது. "அன்னைக்கு ஒனக்குச் செய்யல. இத இவளுக்குக் கட்டிரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வாங்கிக்கிட்டேன்."

"மன்னிச்சிட்டியா?"

அம்மா இருட்டுல திரும்பி என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. "பணத்தை வாங்கிக்கிட்டேன்னுதானே சொன்னேன்" அப்படின்னாங்க.

பாசமிகு தாய்ங்கிற வரியை நான்தான் ஓகே பண்ணி அனுப்பினேன். அந்த ஃப்ளெக்ஸ் எங்க தலைக்கு மேல, திண்ணைக் கம்பியில கட்டியிருந்துச்சு அந்த ராத்திரி. ஆச்சி அதுல சிரிக்கவே இல்ல. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணியிருந்தாங்க.

கொஞ்சம் கணக்கு

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். சில விஷயங்களைத் தேடிப் படிச்சேன், சுருக்கமா சொல்றேன்.

2019ல மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செய்யுற பெண்கள் அதுக்காகச் சம்பளமில்லாமச் செலவு பண்றது ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். வீட்டு வேலை செய்யுற ஆண்கள் 97 நிமிஷம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை மட்டும் செய்யுற பெண்களை உழைக்காதவங்க பட்டியல்ல சேர்த்திருந்தாங்க. அதே பட்டியல்ல பிச்சை எடுக்கிறவங்க, சிறையில இருக்கிறவங்க எல்லாரும் இருந்தாங்க. 2010ல ஒரு விபத்து நஷ்ட ஈட்டு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக் கண்டிச்சது. 2023 ஜூன் மாசம் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு. கணவர் சம்பாதிச்சு வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டுன்னு. வீட்டுல ஒருத்தி பார்த்துக்கிட்டதாலதான் அவரால வெளிய போய் சம்பாதிக்க முடிஞ்சதுங்கிறதுதான் அதுக்கு அடிப்படை. அதே வருஷம் செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை வந்துச்சு, மாசம் ஆயிரம் ரூபாய். ஆச்சிக்கும் வந்துச்சு. முதல் மாசம் மெசேஜ் வந்தப்போ பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்து மூணு தடவை வாசிக்கச் சொன்னாளாம். "நான் சும்மா இருக்கதுக்கா துட்டு தாராங்க?"ன்னு கேட்டாளாம்.

அம்பது வருஷம் கம்பெனிக்கு உழைச்சவ கேட்ட கேள்வி இது. வீட்டு வேலை கண்ணுக்குத் தெரியாதுன்னு நாம பேசுறோம். சரிதான். ஆனா எங்க ஆச்சி விஷயத்துல கூலிக்குச் செஞ்ச வேலையும் கண்ணுக்குத் தெரியல. வீட்டுக்குள்ள உட்கார்ந்து செஞ்சதால அதுவும் வீட்டு வேலைக் கணக்குலயே கரைஞ்சு போச்சு.

ஒரு வார்த்தை

இப்போ போன மாசத்துக்கு வரேன். முதலாம் ஆண்டு நினைவு. திரும்பவும் ஃப்ளெக்ஸ். இந்தத் தடவை பேப்பர்லயும் சின்னதா ஒரு விளம்பரம் கொடுக்கலாம்னு மாமா சொன்னாங்க. திரும்பவும் எழுத்து வேலை என் தலையில.

நான் பழைய வரிகளையே வெச்சு, பேருக்குக் கீழ ஒரு வார்த்தை மட்டும் சேர்த்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். 'பீடித் தொழிலாளி'.

பத்து நிமிஷத்துல மாமா போன். "என்னம்மா இது? கோயம்புத்தூர்ல என் கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் பார்ப்பாங்க. பேரப்பிள்ளைங்க எல்லாம் ஐடியில இருக்கீங்க. இதுல போய் பீடின்னு போடணுமா? அம்மாவுக்கே பிடிக்காது."

மாமா கெட்டவங்க இல்ல. ஆச்சி கடைசி ஆறு மாசம் இருந்தது மாமா வீட்டுலதான். அத்தையும் மாமாவும்தான் குளிப்பாட்டி, ஊட்டி விட்டு எல்லாம் பார்த்தாங்க. எனக்குத் திருப்பிப் பேச வரல. 'சரி மாமா, எடுத்துடுறேன்'னு சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

அம்மா போனை வாங்கினாங்க.

"தம்பி, அது இருக்கட்டும்."

மாமா ஏதோ சொன்னாங்க.

"பிடிக்காதுன்னு நீ சொல்றே. சரி. எனக்கும்தான் அவ செஞ்சது எல்லாம் பிடிக்கல. ஆனா செஞ்சா. அதை இல்லைன்னு எழுத முடியாது. நானும் ஆறு வருசம் சுத்தியிருக்கேன். என்னையும் இல்லைன்னு எழுதுவியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. முப்பது வருஷமா யாரும் பேசாத ஒரு விஷயம். ஃபீஸ் விஷயம். அம்மா அதைச் சொல்லல, ஆனா சொன்ன மாதிரிதான்.

கொஞ்ச நேரம் கழிச்சு மாமா சொன்னது ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுச்சு. "சரிக்கா. போட்டுக்கோங்க."

பேப்பர்ல வந்துச்சு. ரெண்டு விரல் அகலம்தான். பேரு, அதுக்குக் கீழ பீடித் தொழிலாளி, அதுக்குக் கீழ அன்பு மனைவி, பாசமிகு தாய், ஆசை ஆச்சி. அந்த மூணு வரியையும் நான் எடுக்கல. எடுக்கத் தோணல. அதுவும் உண்மைதானே. தாத்தாவை ரெண்டு வருஷம் பார்த்தது உண்மை. அம்மாவைப் படிக்க விடாததும் உண்மை, அந்த நாலாவது நாள் தானும் சாப்பிடாம இருந்ததும் உண்மை. நான் இன்னைக்கு இந்த மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கிறதுல முப்பத்தெட்டாயிரம் ரூபாய் அவளோடது, ஆறு வருஷம் அம்மாவோடது.

ஊர்ல இன்னொண்ணு நடந்துச்சு. நினைவு நாள் அன்னைக்கு சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் திண்ணையில உட்கார்ந்திருந்தோம். ஆச்சியோட பழைய சொளவு பரண்ல இருந்துச்சு, அத்தை இறக்கி வெச்சாங்க. ஓரமெல்லாம் புகையிலைத் தூள் ஏறி கறுத்துப் போயிருந்துச்சு. பக்கத்து வீட்டுல இருந்து கொஞ்சம் இலையும் தூளும் வாங்கிட்டு வந்து, அம்மா எனக்குக் காட்டித் தரேன்னு உட்கார்ந்தாங்க. அம்மா பீடி சுத்தி முப்பது வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு பிரிஞ்சு போச்சு. மூணாவதுல இருந்து கை தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான் முயற்சி பண்ணினது ஒண்ணுகூட நிக்கல. இலை கிழியுது, தூள் கொட்டுது. மாமா பார்த்துட்டு, "கழிவு, கழிவு, எல்லாம் கழிவு"ன்னு கடைக்காரர் மாதிரி சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் சேலை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. தூள் நெடின்னாங்க. இருக்கலாம், நெடி ஏறத்தான் செய்யும்.

சரி. முடிச்சுக்குவோம்.

இந்த எபிசோட் கேட்குற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க வீட்டுல ஆச்சி, பாட்டி, அம்மாச்சி, அப்பத்தா, நானி, உம்மம்மா, யாரோ ஒருத்தர் இன்னும் இருந்தாங்கன்னா, இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் பக்கத்துல உட்காருங்க. போன்ல ரெக்கார்டர் போடுங்க. 'உன் கதையைச் சொல்லு'ன்னு கேட்காதீங்க, "எனக்கென்ன கதை"ன்னுடுவாங்க. சின்னதாக் கேளுங்க. காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப? உன் கைக்கு முதல் காசு எப்போ வந்துச்சு? அதை என்ன பண்ணின? உன் பேருக்கு முன்னாடி என்ன இனிஷியல் இருந்துச்சு? அப்புறம் முடிஞ்சா இதையும் கேளுங்க, நீ செய்யாம விட்டது எது?

நான் இதுல ஒண்ணுகூடக் கேட்கல. ஆச்சி குரல் என்கிட்ட மொத்தமா பதினோரு நொடிதான் இருக்கு. ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல இருந்து அனுப்பினது. "ஏட்டி, சாப்பிட்டியா? போன எடுக்க மாட்டேங்க. பனி பெய்யுதாம் அங்க, தலையில துணி கெட்டிக்கோ. வச்சிருதேன்."

அவ்வளவுதான். சென்னையில பனி எங்க பெய்யுது? ஆனா அன்னைக்கு நான் அந்த போனை எடுக்கல.

அடுத்த வாரம் வழக்கம்போல கெஸ்ட்டோட வரேன்.  சாப்பிட்டுட்டுத் தூங்குங்க.